என் பெயரில் படித்தவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. பத்திரிகையில் கேட்டார்கள் என்பதற்காக வாராவாரம் எதையோ எழுதி அனுப்புகிறேன். போன வாரம்வரை எழுதியது எல்லாம் பட்டறைக் கதை, போர்வெல் கதை. அதனால் யாருக்கும் நட்டமில்லை.

இந்த வாரம் அப்படி இல்லை. இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. இதில் வருகிற ஒருவருடைய பெயரை மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை. அதை மாற்றி என்ன ஆகப்போகிறது என்பது படித்து முடித்தால் தெரியும்.

தபால்

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ரோட்டோரம் என் பட்டறை. எதிரே டீக்கடை. அன்றைக்கு உச்சிப்பொழுது. எரிந்துபோன ஒரு மோட்டாரிலிருந்து பழைய கம்பியை உருவிக்கொண்டிருந்தேன். கருகிய வார்னிஷ் வாசனை கடை முழுவதும் நின்றது.

தபால்காரத் தம்பி சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு தடித்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, ஒங்களுக்குத்தான்னு நெனைக்கிறேன். ஆனா எஞ்சினியர்னு போட்டிருக்கு.”

கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். ‘பொறியாளர் சி. அடைக்கலம், பி.இ., த/பெ சின்னக்கண்ணு, மில் தெரு.’ ஊர் பெயர் சரி. தெரு சரி. என் அப்பா பெயர் சரி. எங்கள் ஊரில் சின்னக்கண்ணு மகன் அடைக்கலம் என்று வேறு ஒருத்தரும் இல்லை.

உள்ளே பளபளவென்று ஒரு அழைப்பிதழ். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னியல் படித்து முடித்து இருபத்தைந்து வருடம் ஆன மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்களாம். ‘அன்பு நண்பா, நீ இல்லாமல் நம் வகுப்பு நிறையாது’ என்று அச்சடித்திருந்தது.

டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்துவிட்டார்கள். அன்று முழுக்கக் கேலிதான். “எஞ்சினியர் சாருக்குச் சக்கரை எத்தனை யூனிட்டு போடணும்?” என்று கடைக்காரர் கேட்டார். நானும் சிரித்தேன். கிராம உதவியாளர் ஓர் ஓரமாக உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. அதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஒரு கையெழுத்து

என் மகள் அபிநயாவுக்கு அந்த வாரம்தான் கலந்தாய்வில் பொறியியல் சீட் வந்திருந்தது. திருச்சிப் பக்கம் ஒரு நல்ல கல்லூரி. செல்போனில் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி வசந்தா பூப்பறிக்கப் போகிற தோட்டத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சீட்டில் ஏற ஒரே ஏணிதான் உண்டு. முதல் பட்டதாரிச் சான்றிதழ். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் ஒருத்தரும் டிகிரி படிக்கவில்லை என்று தாலுகா ஆபீசில் சான்று கொடுத்தால் படிப்புக் கட்டணத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் சீட் இருந்தும் இல்லாததுதான். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சீட்டை உறுதி செய்ய வேண்டும்.

விசாரணைக்கு வி.ஏ.ஓ. மேடம் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண். நல்ல மாதிரி. மேசையில் அந்த அழைப்பிதழின் நகல் இருந்தது, டீக்கடையில் உட்கார்ந்திருந்த கிராம உதவியாளர் கொடுத்ததாக இருக்கும்.

“ஐயா, நீங்க பட்டதாரின்னு காயிதம் வந்திருக்கே.”

நான் எங்கேயும் படிக்கவில்லை, ஊரைக் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

“ஊரைக் கேட்டேன். படிக்கலன்னுதான் சொல்றாங்க. ஆனா காயிதம் வேற சொல்லுதே. போன வருசம் இதே மாதிரி ஒரு சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு எங்க ஆளு ஒருத்தர் சஸ்பெண்டு ஆயிட்டாரு. இந்த ஆளு எங்க காலேஜ்ல படிக்கலன்னு அந்தக் காலேஜ்லயே ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அடுத்த நிமிசம் போட்டுத் தாரேன்.”

அச்சுக்காரர் செய்த தப்பு, ஒரு நடை போனால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

மச்சம்

புதுக்கோட்டை போய், அங்கிருந்து திருச்சி பஸ் ஏறி, நடுவில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். கல்லூரியின் பெயர் வேண்டாம். விடுமுறைக் காலம். அவ்வளவு பெரிய கட்டடத்தில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வராந்தாவில் வரிசையாகப் பூட்டிய கதவுகள்.

அலுவலகத்தில் ஒரு இளைஞர் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது, இரண்டு தடவை சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வந்து தூசி தட்டினார்.

பெயர் சொன்னார், சரி என்றேன். பிறந்த தேதி, சரி. அப்பா பெயர், சரி. நான் படித்த மேல்நிலைப் பள்ளி, சரி. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பாடவாரியாகப் படித்தார். கணக்கில் நான் வாங்கியது நூற்று எண்பத்தேழு. அதுவும் சரி. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

“அங்க அடையாளம் ஒண்ணு, எடது மணிக்கட்டுல மச்சம். ரெண்டு, வலது முழங்கால்ல தழும்பு. கையைக் காட்டுங்க.”

காட்டினேன். வார்னிஷ் கறைக்கு நடுவில் என் மச்சம் இருந்தது, பிறந்த நாளிலிருந்து இருக்கிற மச்சம்.

அவர் முகம் மலர்ந்தது. எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவரை ‘ஐயா’ என்றவர், “உக்காருங்க சார்” என்றார்.

“நீங்கதான் சார் இது. எதுக்கு இல்லங்கறீங்க?”

“தம்பி, அது நான் இல்லீங்க.”

“அப்ப இந்த மச்சம் யாருது சார்?”

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். மூலையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டியிருந்தது. ஒல்லியான முகம், நடுவகிடு. “வயசாச்சுல்ல, ஆளு மாறிட்டீங்க” என்றார்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். பிளஸ் டூவில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். எங்கள் ஊர் ரைஸ் மில்காரர் மகன். சுதாகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கவில்லை என்று லெட்டர் தர முடியாது, படித்ததற்குத்தான் தர முடியும் என்று அந்த இளைஞர் வருத்தமாகச் சொன்னார். பதிவேட்டில் உள்ள முகவரிக்கெல்லாம் அழைப்பு அனுப்பியிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை என் செட்டு எல்லாரும் வருகிறார்கள், அவசியம் வாருங்கள் என்றும் சொன்னார்.

வெளியே வரும்போது மின்னியல் ஆய்வகத்தின் ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். மேசை மேல் ஒரு மோட்டாரை நெடுக்குவாட்டில் பாதியாக அறுத்து, உள்ளே காயில் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். மாணவர்கள் பார்ப்பதற்காக. எத்தனையோ ஆயிரம் மோட்டாரைப் பிரித்திருக்கிறேன். அறுத்த மோட்டாரை அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியில் என் முகமும் அதன் மேல் விழுந்தது. அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

லேமினேஷன்

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழசை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

என் அப்பா மில்லில் நெல் அவிக்கிற வேலை பார்த்தார். நான் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தபோது மேலே என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை. நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருப்பதே அது முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். மில்காரர் ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, “சின்னக்கண்ணு, பயலோட சர்ட்டிபிகேட்டைக் கொண்டா. எனக்குத் தெரிஞ்ச காலேஜ்ல கேட்டுப் பாக்குறேன்” என்றாராம். மார்க் லிஸ்ட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அப்பா ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அசலையா கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதர் கையில் இருந்தால் பத்திரம் என்பதுதான் எங்கள் ஆட்களின் எண்ணம். நகல் கொடுத்தால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

சீட் கிடைக்கவில்லை என்று ஆடி மாதம் சொல்லி அனுப்பினார். ஆவணியில் நான் பட்டறைக்கு வந்துவிட்டேன். சுதாகர் கணக்கில் பெயில். காசு இருந்தால் காலேஜில் சீட் வாங்கலாம். கணக்கில் பாஸ் வாங்க முடியாது. அவர் மெட்ராசில் ஏதோ கோர்ஸ் படிக்கிறார் என்று ஊரில் பேச்சு.

சர்ட்டிபிகேட் நாலு வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தது. நாங்களும் கேட்கவில்லை. காயில் கட்டுகிற இடத்தில் மார்க் லிஸ்டை யார் கேட்கிறார்கள்? மில்காரரே கூப்பிட்டு, “கிழிஞ்சிடும்னு லேமினேசன் போட்டு வச்சேன்” என்று கொடுத்தார். அப்பா கண் கலங்கிவிட்டார். சாகும்வரை அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மார்க் லிஸ்டின் பின்பக்கம், லேமினேஷனுக்கு அடியில், ஊதா நிறத்தில் ஒரு வட்ட முத்திரை. இத்தனை வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன். கவர்மென்ட் முத்திரை என்று நினைத்திருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அந்தக் கல்லூரியின் பெயர். கீழே, ‘சேர்க்கப்பட்டார்.’

பாஸ்போர்ட்

இன்னொன்றும் அன்றைக்குத்தான் விளங்கியது. கல்யாணம் ஆன புதிதில் சிங்கப்பூர் போக ஆசைப்பட்டேன். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான் வீடு கட்டினார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். திருச்சி ஆபீசில், “ஏற்கெனவே ஒங்க பேர்ல பாஸ்போர்ட் இருக்கே. இன்னொண்ணு கேக்குறீங்களா?” என்று அதட்டினார்கள். பின்னால் வரிசை நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

அதே பெயரில் இன்னொருத்தன் இருப்பான் என்று வசந்தாவிடம் சொன்னேன். “இருந்துட்டுப் போறான். நீங்க இங்கிட்டே இருங்க” என்றாள். அவளுக்கு அது சந்தோஷம்தான்.

பிரசன்ட் சார்

ஞாயிற்றுக்கிழமை போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் ஒரு பெண் ஆளுக்கொரு நினைவு மலரும் பெயர் எழுதின அட்டையும் கொடுத்துக்கொண்டிருந்தார். என் பெயர் கேட்டார். சொன்னேன். “உங்க அட்டை போயிடுச்சே சார்” என்று மேசையெல்லாம் தேடிவிட்டு, வெறும் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்.

மலரைப் புரட்டினேன். ஆளுக்கு ஒரு பக்கம். ‘சி. அடைக்கலம், மின் பொறியாளர், பெங்களூரு. தந்தை (லேட்) சின்னக்கண்ணு.’ மனைவி, ஒரு மகள், புது வீட்டு வாசலில் எடுத்த படம். ‘கிரகப்பிரவேசத்தில் பெரியப்பாவுடன்’ என்று இன்னொரு படம். அதில் பெரியப்பா என்று உட்கார்ந்திருந்தவர் மில்காரர். பெற்ற மகன் வீட்டில்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அதில் இல்லை. அந்த ‘லேட்’டில்தான். என் அப்பா செத்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் என் அப்பா செத்ததைத் தெரிந்து, பேனா எடுத்துத் திருத்தியிருக்கிறார்.

வகுப்பறையில் பழைய பெஞ்சுகளில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசியில் சுவரோரம் நின்றேன். சமையல்காரர்களோடு வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பழைய வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தார். வழுக்கைத் தலைகள் எழுந்து எழுந்து “பிரசன்ட் சார்” என்றன. ஒரே சிரிப்பு.

“அடைக்கலம்.”

“பிரசன்ட் சார்.”

இரண்டு குரல் கேட்டது. ஒன்று மூன்றாவது பெஞ்சில். இன்னொன்று என்னுடையது. நான் பேச நினைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் பழகின வாய், அதுவாகத் திறந்துகொண்டது.

உடனே யாரோ, “இன்னும் ப்ராக்ஸி குடுக்குறாய்ங்கடா” என்று கத்த, அறையே குலுங்கியது. பேராசிரியரும் சிரித்தார். மூன்றாவது பெஞ்சில் எழுந்து நின்றவர் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். உட்காரவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டு

சாப்பாட்டு நேரத்தில் அவரே என்னைத் தேடி வந்தார். ஆளில்லாத சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனோம். வெயில் பட்டுக் கூரைத் தகரம் டப் டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“நீ ஒருநாள் வருவேன்னு தெரியும்” என்றார்.

நல்ல உடம்பு, நரைத்த மீசை. மார்பில் என் பெயர் அட்டை. சின்ன வயதில் போலவே அவர் என்னை நீ என்றார், நான் நீங்க என்றேன். வேறு மாதிரி எங்களுக்கு வராது.

அவராகச் சொல்லிக்கொண்டு போனார். எல்லாம் அப்பா செய்த ஏற்பாடு, அப்போது தனக்குப் பதினேழு வயது, மறுத்துப் பேச முடியவில்லை என்றார். ஊருக்கு வந்தால் சுதாகர், ஆலங்குடி தாண்டினால் அடைக்கலம். கட்டிய மனைவிக்குக்கூட முதல் மூன்று வருடம் தெரியாது. ஹாஸ்டலில் யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நான் வந்துவிட்டேனோ என்று திரும்பிப் பார்ப்பாராம். பிறகு பழகிவிட்டதாம்.

“இப்ப ஒன்னை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட எனக்கு வரல பாத்தியா.”

பேசும்போது வாட்சை மேலே தள்ளிவிட்டார். இடது மணிக்கட்டில் ஒரு பச்சைப் புள்ளி. என் மச்சம் இருக்கிற அதே இடம். நான் பார்ப்பதைப் பார்த்தார்.

“திருவிழாவுல பச்சை குத்துறவன்கிட்ட அப்பா கூட்டிட்டுப் போனாரு. யாராச்சும் சோதிச்சா வேணும்னு.”

முழங்கால் தழும்பைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் குட்டிச்சுவரில் உட்காரும்போது வலது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மகள், சீட், திங்கட்கிழமை.

“இவ்வளவுதானா? நாலு வருசமும் பீசை நான் கட்டிடுறேன். ஹாஸ்டலும் நானே பாத்துக்கறேன். எம்பொண்ணு மாதிரிதானே.” அவர் மகள் ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதாக மலரில் போட்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

“பீஸ் வேண்டாங்க. நான் படிக்கலன்னு எழுதிக் குடுங்க. எம்பொண்ணுதான் எங்க வீட்டுல மொதப் பட்டதாரி. அதை மட்டும் குடுங்க.”

அவர் மலரின் பின்னால் இருந்த வெள்ளைத்தாளைக் கிழித்து, தொடை மேல் வைத்து எழுதினார். இந்தக் கல்லூரியில் படித்தது இன்ன ஊர் சின்னக்கண்ணு மகன் அடைக்கலம் இல்லை, அவர் சான்றிதழை வைத்துப் படித்தது நான்தான். அவ்வளவுதான். எழுதி முடித்துப் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“எந்தப் பேர்ல கையெழுத்துப் போட?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அடைக்கலம் என்று போட்டால் அது நானே எழுதிக்கொண்ட மாதிரி. சுதாகர் என்ற பெயரில் அவரிடம் ஒரு ரேஷன் கார்டு இல்லை, ஆதார் இல்லை, பேங்க் புத்தகம் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் மில்காரரே கொளுத்திவிட்டாராம். காகிதத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது.

“ஒங்க பேரைப் போடுங்க” என்றேன்.

ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, சுதாகர் என்று எழுதினார். கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு தடவை நிறுத்திக்கொண்டார்.

உள்ளேயிருந்து யாரோ, “அடைக்கலம், போட்டோ எடுக்கணும் வாடா” என்று கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்தோம். அவர் போனார்.

போலீசுக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போயிருக்கலாம். அது வழக்கு, வாய்தா என்று வருடக்கணக்கில் போகும், எனக்கு இருந்தது ஒருநாள். அதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் பீஸ் கட்டுகிறேன் என்றதையும் நான் வேண்டாம் என்றதையும் வீட்டில் சொல்லவில்லை. வசந்தாவுக்கும் தெரியாது, அபிநயாவுக்கும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அதற்குத்தான் முதலிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள்

மறுநாள் திங்கட்கிழமை. பத்து மணிக்கு அந்தத் தாளை வி.ஏ.ஓ. மேடத்திடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, இந்தச் சுதாகர் யார், ஏதாவது அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மத்தியானம் செல்போனில் பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், ‘தந்தை பட்டதாரி.’ அதைப் படித்துச் சொன்னது அபிநயாதான். ஐந்து மணிக்குச் சீட் போனது. நான் பட்டறையில் ஒரு அஞ்சு எச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்டி முடித்தேன்.